ஆளோடு சேர்த்து எடை

எங்கள் வண்டியின் தூக்குக் கையில் நான் துணிக்கொடி கட்டியிருந்தேன். ஒரு முனை கொக்கியில், மறுமுனை சமையலறை ஜன்னல் கம்பியில். வீட்டில் வேறு இடம் இல்லாமல் இல்லை, பின்பக்கம் நல்ல வெயில் விழும். வண்டி நகரக் கூடாது, அதற்காகத்தான் அங்கே கட்டினேன். போர்வை, கனத்த துண்டு, திரைச்சீலை என்று சீக்கிரம் காயாததாகப் பார்த்துப் போடுவேன். காய்ந்ததை எடுத்த கையோடு அடுத்த ஈரத்தைப் போட்டுவிடுவேன். கொடி வெறுமையாக இருந்தால் என் வீட்டுக்காரர் அவிழ்த்துவிடுவாரோ என்று பயம். துவைக்கத் துணி இல்லாத நாளில் காய்ந்த போர்வையையே மறுபடி நனைத்துப் போட்டிருக்கிறேன். "உங்க வீட்டுப் போர்வை மாதிரி வெளுத்த போர்வையை நான் பாத்ததே இல்லக்கா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. சிரித்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அது சாலையில் நின்றுபோன வண்டிகளை இழுத்துவரும் வண்டி. பின்பக்கம் ஒரு இரும்புக் கை, அதில் கம்பிவடம், கொக்கி, பக்கவாட்டுப் பெட்டிகளில் சங்கிலிகள். அதனால் என் வீட்டுக்காரருக்கு ஊரில் கொக்கி என்றே பெயர். என் மகன் சின்னக் கொக்கி. நான் கொக்கி வீட்டம்மா. கடையில் நாலு பேர் முன்னால் அப்படிக் கூப்பிட்டால் முன்பெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது யாராவது வாய்தவறியாவது "சின்னக் கொக்கி இருக்கானா?" என்று கேட்டுக்கொண்டு வாசலுக்கு வர மாட்டார்களா என்று இருக்கிறது.

அவன் போனது பட்டப்பகலில். நெடுஞ்சாலை வளைவில் நின்றுபோன ஒரு காருக்குச் சங்கிலி மாட்டக் குனிந்திருந்தான். பின்னால் வந்த லாரி விலகவில்லை. அவ்வளவுதான் அதில் சொல்ல இருக்கிறது. அவர் ஓட்டுகிற சீட்டில் பிரேக்கை மிதித்தபடி இருந்தார். முட்டி தேய்ந்துபோன மனிதர், நினைத்தபடி இறங்கி ஏற முடியாது. அதனால் வெளிவேலை எல்லாம் மகன், உள்வேலை அப்பா. அப்படித்தான் அவர்கள் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த லாரி எங்கள் வண்டியைத் தொடக்கூட இல்லை, ஒரு கீறல் கிடையாது. அந்த வண்டி மேல் எனக்குக் கோபம் வந்ததே அதைப் பார்த்துத்தான். என் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, துடைத்து வைத்த மாதிரி வந்து வாசலில் நிற்கிறது.

அன்றிலிருந்து அது நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு மழைக்காலம் போயிற்று, வெயில்காலம் வந்தது. வண்டியின் கதவில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்து யாராவது போன் பண்ணுவார்கள். அவர் எடுக்க மாட்டார். நான் எடுத்து, "வண்டி ஓடறதில்லைங்க" என்று சொல்லி வைத்துவிடுவேன். சிலர் கெஞ்சுவார்கள். எனக்கு மனசே இளகாது. வண்டி நின்றால் என்ன, நடந்து போங்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியே பார்த்தால் அவர் கொடியிலிருந்து போர்வைகளை எடுத்து மடித்துக்கொண்டிருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டையைக்கூட மடிக்காத மனிதர். மூலைக்கு மூலை சேர்த்து, நீவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஜன்னல் திட்டில் வைத்தார். பிறகு கொடியை அவிழ்த்தார்.

"என்ன பண்றீங்க?" என்றேன்.

"டயர் போச்சு. மாத்தணும்."

"ஓடாத வண்டிக்கு டயர் எதுக்கு?"

"ஓடத்தான்."

அதற்கு மேல் அவரிடம் பேச்சைப் பிடுங்க முடியாது. பால் பொங்கி அடுப்பில் வழிந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

இப்படி ஒரு நாள் வரும் என்று எனக்குத் தெரியும். அதற்கு ஒரு வழியும் யோசித்து வைத்திருந்தேன். என் தம்பி கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் வண்டி ஓட்டுகிறவன். அவன்தான் சொல்லிக்கொடுத்தான். "அக்கா, பாக்க ஒரே அளவா இருக்கும், ஆனா தாங்கற சுமை வேற வேற. லேசான டயரையும் அந்தப் பளபள சக்கரத்தையும் போட்டுட்டா கொக்கியில எதையும் தூக்க முடியாது. மாமா வேற வழி இல்லாம பெட்டி, மூட்டைன்னு ஏத்திகிட்டு ஊருக்குள்ளயே ஓட்டுவாரு. நீ பளபளன்னு இருக்கறதைக் காட்டி அடம் பிடி." அதைப் போட்டுக்கொண்டு அவர் மீறி இழுத்துவிடுவாரோ என்ற பயம் எனக்கு இல்லை. அந்த விஷயத்தில் அவர் கறார். சுமைக்குப் பொருந்தாத டயரோடு கிளம்புகிறவனைக் கண்டால் வாய்க்கு வந்தபடி திட்டுவார், அவன் யாராக இருந்தாலும் சரி.

ஆகவே எனக்குத் திடீரென்று பளபளக்கும் சக்கரங்கள் மேல் ஆசை வந்துவிட்டது. "நானும் வர்றேன். டயரை நீங்க பாருங்க, சக்கரம் நான் பாத்து எடுக்கறேன். இவ்ளோ நாளா அழுக்கு இரும்பைப் பாத்துப் பாத்துக் கண்ணு நோகுது" என்றேன்.

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். "வா" என்றார்.

வண்டியில் ஏறின பிறகுதான் நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பது உறைத்தது. அவன் சீட்டு. நெட்டையன், காலை நீட்டுவதற்காகச் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி வைத்திருந்தான். வண்டியும் உயரம், நான் குள்ளம், கால் தரைக்கு எட்டவில்லை. பள்ளிக்கூடப் பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. கதவுப் பையில் அவனுடைய ஒரு கையுறை, ஒற்றை. விரல்கள் மடங்கினபடியே காய்ந்து கிடந்தது. அதை எடுக்கலாமா என்று கை போயிற்று, எடுக்கவில்லை.

"சீட்டுக்கு அடியில ஒரு பிடி இருக்கு. இழுத்தா முன்னால வரும்" என்றார் அவர், சாலையைப் பார்த்தபடி.

"இருக்கட்டும்" என்றேன்.

அவரும் வற்புறுத்தவில்லை. காற்றடித்த டயரில் வண்டி ஊர்ந்தது. சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் தடக் தடக் என்று தட்டியது. ஒரே பக்கமாக நின்று நின்று டயரின் அடி தட்டையாகிவிட்டதாம்.

டயர்க்கடை சாலையிலேயே இருந்தது. கடைக்காரர் எங்களுக்கு வெகுநாள் பழக்கம், என் வீட்டுக்காரரை அண்ணே என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிடுகிறவர். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். கையில் இருந்த ஸ்பானரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே நின்றார். "வாங்கண்ணே" என்றார். "வாங்கண்ணி" என்றார். அப்புறம் மனிதர்களை விட டயரோடு பேசுவது சுலபம் என்று கீழே உட்கார்ந்துவிட்டார்.

"பட்டன் எல்லாம் அப்படியே ஆழமா இருக்கு, பாருங்க" என்று டயரின் வரிகளுக்குள் விரலை விட்டுக் காட்டினார். "ஆனா பக்கவாட்டுல பூரா வெடிப்பு. இது ஓடித் தேயல அண்ணே. நின்னு கெட்டுப்போச்சு."

எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது. டயரைத்தான் சொன்னார், தெரியும். என்றாலும் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தபடி அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

பின்சக்கரம் ஒன்றின் இரும்பும் துருப்பிடித்து ஓரத்தில் கீறல் விட்டிருந்தது. சக்கரத்தையும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார். எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. சுவரில் மாட்டியிருந்த ஒரு சக்கரத்தைக் காட்டினேன். வெள்ளிப் பாத்திரம் தேய்த்து வைத்த மாதிரி, அதில் என் முகமே தெரிந்தது. "இது நல்லா இருக்குங்க. இதுக்குத் தகுந்த டயரா போட்டுடுங்க."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "இது அழகுக்குப் போடறது அண்ணி. கொக்கியில ஒரு வண்டியைத் தூக்கினா பாரம் பூரா பின்சக்கரத்துலதான் வந்து உக்காரும். இது தாங்காது. இதோட வர்ற டயரும் மெத்துன்னு இருக்கும், ஆடும்." மூலையில் கிடந்த கறுப்பு இரும்புச் சக்கரத்தைக் காலால் தட்டினார். "இழுக்கற வண்டிக்கு இதுதான். பக்கவாட்டு விறைப்பா இருக்கற டயரு. பாக்கத்தான் லட்சணம் பத்தாது."

"லட்சணமும் வேணும்ல?" என்றேன் விடாமல்.

என் வீட்டுக்காரர் எதற்கும் பிடிகொடுக்கவில்லை. கடைக்காரர் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தார். கடைசியில், "அண்ணே, வண்டி எப்படி ஓடுமோ அப்படியே எடை போட்டுட்டு வந்துடுங்க. டேங்க் நிறைய டீசல், சாமான், ஆளோட சேர்த்து. பின்சக்கரத்துல எவ்ளோ விழுதுன்னு பாத்துட்டா எந்த டயர்னு கண்ணை மூடிகிட்டுச் சொல்லிடலாம்" என்றார்.

எடைமேடை எதிர்ச்சாரியில், பழைய இரும்புக் கடையை ஒட்டி இருந்தது. தரையோடு பதித்த நீளமான இரும்புத் தகடு, பக்கத்தில் ஒரு சின்ன அறை, அதன் மேல் சிவப்பு எண்கள் ஓடும் பலகை. உள்ளே ஒருவன் காதில் போனோடு உட்கார்ந்திருந்தான். பின்சக்கரம் மட்டும் மேடையில் நிற்கும்படி அவர் வண்டியை ஏற்றினார்.

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "வண்டி மட்டுமா, ஆளோடயா?" என்று கேட்டான் எடைமேடைக்காரன்.

"ஆளோட" என்றார் இவர். "ரெண்டு பேர்."

ரெண்டு பேர். அப்படியானால் ஆள் வைக்கப்போகிறார். யார் வீட்டுப் பிள்ளையையோ கொண்டுவந்து இந்தச் சீட்டில் உட்கார வைக்கப்போகிறார். அந்தப் பிள்ளை போய் சாலையில் குனியும்.

"யாரு அந்த ரெண்டாவது ஆள்?" என்றேன்.

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். முட்டியைத் தாங்கித் தாங்கிப் பலகைக்கு எதிரே போய் நின்று எண்ணைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். ஏதோ இடிக்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டார். பக்கத்து இரும்புக்கடைக்குள் போய்ப் பணம் கொடுத்து எதையோ எடுப்பது தெரிந்தது, சங்கிலி சரசரக்கும் சத்தமும் கேட்டது. என் பக்கத்துக் கதவு திறந்தது. இரண்டு கையிலும் ஒரு சங்கிலியைச் சுருட்டி அள்ளிக்கொண்டு நின்றார்.

"இதையும் மடியில வச்சுக்கோ."

"எதுக்கு?"

"உன் எடை பத்தாது."

நான் வேடிக்கை என்றே நினைத்தேன். நான் ஏறினால் வண்டி ஒரு பக்கம் சாய்கிறது, டயருக்குக் காற்று கூட அடிக்கணும் என்று காலமெல்லாம் என்னைக் கேலி பண்ணினவர். "நான் ஏறினா வண்டி குடை சாயும்னு சொன்ன வாய்தானா இது?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சங்கிலியை மெதுவாக என் மடியில் இறக்கினார், புடவையில் கிரீஸ் படாமல் அடியில் ஒரு துணியை விரித்து.

"அவன் உன்னைவிடக் கனம்" என்றார்.

சொல்லிவிட்டு மறுபடி பலகையைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் அந்தச் சங்கிலியோடு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் புரிந்தது. யாரையும் புதிதாக வைக்கப்போவதில்லை. வண்டி எப்படி ஓடுமோ அப்படி எடை போடச் சொன்னார்கள். அவருக்குத் தெரிந்து அந்த வண்டி எப்படி ஓடுமோ அப்படியே போடுகிறார். டீசல், சாமான், அவர், பக்கத்தில் அவன். அவன் இல்லாமல் அந்த வண்டிக்கு ஒரு எடை உண்டு என்பதே அவருக்குத் தோன்றவில்லை. என்னைவிட அவன் எவ்வளவு கனம் என்று கையாலேயே நிதானித்து, அந்தச் சங்கிலியை எடுத்து வந்திருக்கிறார். கை தவறாது அவருக்கு. நான் அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது, பிறகு என் சூடு அதில் ஏறியது. பிறந்த அன்று துணியில் சுற்றி அவனை என் மடியில் வைத்தார்கள். இவ்வளவு கனம் இல்லை, ஆனால் இதே மாதிரிதான் வைத்தார்கள். அழக்கூடாது என்று உதட்டைக் கடித்தேன், முடியவில்லை.

வெளியே அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். எண் மாறவில்லை.

"ஓடுதா இது?" என்று கேட்டார்.

"எல்லாம் ஓடுது" என்றான் எடைமேடைக்காரன்.

"இப்ப ஒரு சங்கிலி ஏத்தினேன். நம்பர் அப்படியே நிக்குதே?"

"பெரியவரே, இது லாரி எடை போடற மேடை. ஒரு சங்கிலி எல்லாம் இதுல தெரியாது. ஆளே மாறி உக்காந்தாலும் சில நேரம் அதே நம்பர்தான் காட்டும். சீக்கிரம் எடுங்க, பின்னால வண்டி நிக்குது."

அவன் மேல் தப்பு இல்லை, அவனுக்கு என்ன தெரியும். ஆனாலும் மடியில் இருந்ததைத் தூக்கி அந்த ஜன்னலில் எறியலாமா என்று எனக்கு வந்தது. அவன் மேடைக்கு நானும் என் மகனும் ஒன்றுதான். என் வீட்டுக்காரர் மட்டும் அதை நம்பாமல், இன்னும் கொஞ்ச நேரத்தில் எண் மாறும் என்பது போல அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் லாரி ஹாரன் அடித்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னங்க, வாங்க, போலாம்" என்று கூப்பிட்டேன். வந்தார்.

மேடையை விட்டு இறக்கி, இரும்புக்கடைச் சுவரோரம் வண்டியை நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். இருவரும் முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தோம்.

"தனியா போகப்போறீங்களா?" என்றேன்.

"ஆமா."

"அந்த முட்டியை வச்சுகிட்டா? இறங்கிக் குனியறது யாரு?"

"நான்தான்."

"எதுக்குங்க? இன்னும் என்ன பாக்கி இருக்கு அந்த ரோட்டுல? என்கிட்ட இருக்கறது நீங்க ஒருத்தர்தான். உங்களையும் அதுக்குத் தூக்கிக் குடுக்கணுமா நான்?"

அவர் ஸ்டியரிங்கைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பேசினார். இத்தனை மாதங்களில் அவர் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசினது அப்போதுதான்.

"போன வாரம் பஸ்ல வந்தேன்ல. அந்த வளைவுல ஒரு கார் நின்னுது. புதுசா ஒரு கம்பெனி வந்திருக்கே, அவங்க வண்டி. மீசை சரியா முளைக்காத ஒருத்தன் கொக்கி மாட்டறான். நம்ம பய நின்ன அதே இடம். ரோட்டுக்கு முதுகைக் காட்டிகிட்டு குனிஞ்சிருக்கான். நான் பஸ்ஸை நிறுத்துன்னு கத்தினேன். நிறுத்தல. ஜன்னல்ல தலையை விட்டு, 'டேய், திரும்பி நில்லுடா, வர்ற வண்டியைப் பாத்து நில்லுடா'ன்னு கத்தினேன். அவன் கேக்கல. பஸ்ல எல்லாரும் பைத்தியம்னு நினைச்சாங்க. நமக்கு வர்ற போனெல்லாம் இப்ப அவங்களுக்குத்தான் போகுது."

வண்டி ஓடறதில்லைங்க, வண்டி ஓடறதில்லைங்க என்று நான் வைத்த போன்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒவ்வொன்றுக்கும் எவளோ ஒருத்தியின் பிள்ளை கிளம்பிப் போயிருக்கிறது.

"ஊர்ல இருக்கற அத்தனை பிள்ளைக்கும் பதிலா நீங்க ஒருத்தர் போய் நிக்க முடியுமா?" என்றேன்.

"முடியாது. எனக்கு வர்ற போனுக்காவது நான் போறேன். நிக்கறது கிழவனா இருக்கட்டும்."

மறுபடி டயர்க்கடைக்கு வந்தோம். கடைக்காரர் எண்ணைக் கேட்டுக்கொண்டு, இரண்டு சக்கரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். வெள்ளியாக மின்னுவது ஒன்று, கறுப்பு ஒன்று. "இழுக்கற வேலைன்னா கறுப்பு. அதுல சந்தேகமே இல்ல. ஆனா அண்ணிக்குப் பிடிச்சது..." என்று இழுத்தார்.

"அவ எதைச் சொல்றாளோ அதையே போடு" என்றார் என் வீட்டுக்காரர்.

"அண்ணே, அதைப் போட்டா நீங்க..."

"தெரியும்." அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார். "கொடி கட்டினவளுக்குச் சக்கரம் மாத்தத் தெரியாதா? உன் தம்பி சொல்லிக்குடுத்தானா?"

என் குட்டு வெளிப்பட்டுவிட்டது. எப்போதிலிருந்து தெரியுமோ. நனைத்து நனைத்துப் போட்ட போர்வைகளையும் பார்த்திருப்பார். பார்த்துக்கொண்டே இத்தனை நாளும் கொடியை அவிழ்க்காமல் இருந்திருக்கிறார்.

"பளபளாவைப் போடச் சொன்னா போட்டுக்கறேன்" என்றார். "மூட்டை தூக்கறேன். உன் மேல கோபப்பட மாட்டேன்."

அவர் அப்படித்தான். சொன்னால் செய்வார். நான் கையைக் காட்டினால் போதும், அந்தச் சாலை எங்கள் வாழ்க்கையிலிருந்து போய்விடும். அவர் சாயங்காலம் சாயங்காலம் வீடு வந்து சேர்ந்துவிடுவார். அதைத்தானே நான் வேண்டிக்கொண்டிருந்தேன். வெள்ளிச் சக்கரத்தில் என் முகம் தெரிந்தது. அதற்குப் பின்னால், சிறிதாக, வண்டியின் திறந்த கதவும் அந்தச் சீட்டும் தெரிந்தன. சங்கிலியைச் சீட்டில் வைத்துவிட்டு நான் இறங்கியிருந்தேன். அது அங்கே உட்கார்ந்திருந்தது.

மூட்டை ஏற்றுகிற வண்டிக்கு ஒரு ஆள் போதும். இரண்டாவது சீட்டிலும் ஏதாவது பெட்டியை வைப்பார்கள்.

"கறுப்பே போடுங்க" என்றேன்.

கடைக்காரர் வேகமாகத் திரும்பினார், நான் மனசு மாறுவதற்குள் என்பது போல. என் வீட்டுக்காரர் அசையாமல் நின்றார்.

"ஆனா ஒண்ணு" என்றேன். "நீங்க தனியா போகக் கூடாது. நானும் வருவேன்."

"நீயா? நீ என்ன பண்ணுவ?"

"நீங்க குனிஞ்சா பின்னால வர்ற வண்டியைப் பாக்க ஒரு ஆள் வேணும்ல? ரோட்டோரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்னு சிவப்புத் துணியை ஆட்டிகிட்டு கத்தறேன். கத்தறதுல என்னை மிஞ்ச ஆள் இருக்கா? நீங்கதானே சொல்வீங்க, என் தொண்டைக்கு ஹாரனே வேண்டாம்னு." அதற்கு மேல் அழுகை வந்து முட்டியது. "ரெண்டு பேர்னு சொல்லித்தானே எடை போட்டீங்க? உக்காந்தது நான்தானே?"

அவர் முகம் கோணிக்கொண்டது. கடைக்காரர் நிற்பதையும் பார்க்காமல் முழங்கையால் கண்ணைத் துடைத்தார். கடைக்காரர் ஜாக்கியைத் தேடுவது போல உள்ளே போய்விட்டார். நல்ல மனிதர்தான். காலையில் அறையலாம் என்று நினைத்ததற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பழைய டயர்கள் கழன்று விழுந்தபோது ஒவ்வொன்றும் ஒரு பக்கம் தட்டையாகவே நின்றது, உருளவில்லை. புதுச் சக்கரங்களின் நட்டுகளை அவரே ஒவ்வொன்றாக முடுக்கினார். கடைக்காரர் முடுக்கியதையும் மறுபடி முடுக்கிப் பார்த்தார். கடைக்காரர் பொறுத்துக்கொண்டார்.

முதல் போன் அடுத்த வாரமே வந்தது. அந்த வளைவு இல்லை, அதைத் தாண்டி. போகும்போது வளைவைக் கடந்துதான் போனோம். நின்றுபோன காருக்குள் ஒரு தம்பதி இருந்தார்கள். அவர்களைத் தடுப்புக்கு அப்பால் நிற்கச் சொல்லிவிட்டு நான் சிவப்புத் துணியை விரித்தேன். என் வீட்டுக்காரர் காருக்கு அருகில் குனிந்தார். முட்டி மடங்கவில்லை, தரையில் கையை ஊன்றித்தான் உட்கார முடிந்தது. அவர் முதுகு சாலைப் பக்கம் இருந்தது.

நான் கத்தினேன். வருகிற ஒவ்வொரு வண்டியையும் பார்த்து, "தள்ளிப் போ, தள்ளிப் போ, ஆள் இருக்கு" என்று கத்தினேன். எல்லாம் விலகித்தான் போயின. விலகாது என்று இருந்தது எனக்கு. ஒரு ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி, "பைத்தியமா?" என்று கேட்டுவிட்டுப் போனான். ஆமாம் என்று சொல்லியிருப்பேன், அதற்கு நேரம் இல்லை, அடுத்த வண்டி வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு என் பிள்ளைக்குப் பின்னால் யாராவது ஒருத்தி இப்படி நின்று கத்தியிருக்கக் கூடாதா. அந்த நினைப்பு வந்ததும் இன்னும் உரக்கக் கத்தினேன். அவர் சங்கிலியை மாட்டி, இழுத்துப் பார்த்து, தடுமாறி எழுந்தார். எழுந்து என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். அதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

வண்டியில் ஏறினோம். கார் பின்னால் கொக்கியில் தொங்க, புது டயர்கள் ஆடாமல் அசையாமல் நின்றன.

"ஏறிட்டியா?" என்றார் அவர். மகனிடம் எப்போதும் கேட்கிற கேள்வி, அதே குரலில். கேட்டுவிட்டு அவரே திடுக்கிட்டார்.

"ஏறிட்டேன்" என்றேன்.

இப்போது வாரத்தில் சில நாள் அப்படிப் போய்வருகிறோம். ஒவ்வொரு முறையும் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. துணியைப் பின்பக்கத்திலேயே காயப்போடுகிறேன். சீட்டு அவன் வைத்த இடத்திலேயே இருக்கிறது, நான் முன்னால் இழுக்கவில்லை. அந்தச் சங்கிலியை அவர் பெட்டியில் மற்றச் சங்கிலிகளோடு போடவே இல்லை. எடுத்து வையுங்கள் என்று நானும் சொல்லவில்லை. சீட்டுக்கு முன்னால் சுருட்டிக் கிடக்கிறது. தரைக்கு எட்டாத காலை அதன் மேல்தான் வைத்துக்கொள்கிறேன்.